மீற்றர் ஓடவில்லை, எஞ்சின் ஓடியது

"எந்த ஒயில் போட்டால் நல்லது, காக்கா?"

வாகனம் வைத்து வியாபாரம் செய்யும் நண்பர்கள் கூடுமிடத்தில் இந்தக் கேள்வி எழாத நாளில்லை. ஒருவர் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்வார். மற்றவர் அதை மறுத்து வேறொன்றைச் சொல்வார். மூன்றாமவர், "எல்லாம் ஒன்றுதான், மலிவானதைப் போட்டு ஓடுங்கள்" என்பார். தேநீரோடு பேச்சும் முடிந்துவிடும். ஆனால், போட்ட ஒயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அதற்கான பதில் சேர்விஸ் நிலையத்தார் கண்ணாடியில் ஒட்டிவிட்ட சிறிய ஸ்டிக்கரில் இருக்கிறது என்று நாமெல்லோரும் நம்பிக்கொண்டிருக்கின்றோம்.

நானும் அப்படி நம்பியவன்தான். அந்த நம்பிக்கையால் ஓர் எஞ்சினையும் ஒரு போகத்தின் வியாபாரத்தையும் இழந்தேன். அவற்றைவிடப் பெரிதாக, ஒரு நல்ல மனிதரின் மனதையும் நோகடித்தேன். எமது வர்த்தகர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காகவே அதை இங்கு எழுதுகின்றேன்.

பாதையடியில் நின்ற லொறி

மருதமுனையிலிருந்து பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை, பருப்பு என்று ஏற்றிக்கொண்டு படுவான்கரைக் கடைகளுக்குப் போடுவது எனது தொழில். மண்டூர், தம்பலவத்தை, சங்கர்புரம், வெல்லாவெளி என்று அந்தப் பக்கம் எனக்கு நாற்பது கடைகள் வரை இருந்தன. 2013 இல் லீசிங்கில் ஒரு பழைய பட்டா லொறி எடுத்தேன். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போவதைவிட, குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி மண்டூரில் இறங்குவது எமக்குச் சுருக்கம். வாவியைக் கடக்கும் நேரம் சிறிதுதான். ஆனால் பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நாட்களில் வரிசை இன்னும் நீளும்.

லொறியின் பெற்றரி பலவீனமாக இருந்தது. நிற்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் எடுப்பது நிச்சயமில்லை. ஆகவே துறையில் நிற்கும் நேரமெல்லாம் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருப்போம். கடை வாசலில் சாமான் இறக்கும்போதும் அப்படித்தான். புதிய பெற்றரி வாங்கும் காசை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

என்னுடைய சாரதி படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளைஞர். 2016 தொடக்கத்தில் ஒரு நாள் அவர் சொன்னார்: "முதலாளி, எஞ்சின் சத்தம் மாறிக்கிடக்கு. ஒயிலை ஒருக்கா மாத்திப் பாப்பமா?"

நான் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். 5,000 கிலோமீற்றருக்கு இன்னும் 600 மிச்சமிருந்தது. "கணக்குக்கு முன்னால மாத்தினா காசு மரத்துலயா காய்க்குது, தம்பி?" என்றேன். ஒரு கிழமை கழித்து, பாதையில் நிற்கும்போது சிவப்பு ஒயில் லைட் விட்டு விட்டு எரிவதாகச் சொன்னார். வயர் கோளாறாக இருக்கும் என்று அதையும் தட்டிக்கழித்தேன்.

பெரும்போக அறுவடை தொடங்கிய நேரம். படுவான்கரை வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்த மாதங்களின் அருமை தெரியும். விவசாயி நெல்லை விற்றால் கடைக்காரரின் கடன் தீரும். கடைக்காரரின் கையில் காசு வந்தால் எமது கடன் தீரும். அந்தக் கிழமையில்தான், மண்டூரில் இறங்கி ஏற்றத்தில் ஏறும்போது "கடகட" என்று ஒரு சத்தம் கேட்டு, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

கடைத்தெருவில் பலர் பார்த்திருக்க நான் அந்தச் சாரதியை ஏசினேன். ஒயில் அளவு பார்க்கவில்லை, வாகனத்தைக் கெடுத்துவிட்டான் என்றேன். அவர் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. சாவியை இருக்கையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

எஞ்சினைக் கழற்றிய மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியிலுள்ள சம்ப்பில் ஒயிலின் அளவு குறையவில்லை. ஆனால் அது ஒயிலாக இருக்கவில்லை. கறுத்த களியாக இருந்தது. ஒயிலை உறிஞ்சும் குழாயின் வலையை அந்தக் களி அடைத்திருந்தது. கிராங்கின் பெயாரிங்குகள் ஒயில் கிடைக்காமல் தேய்ந்து உருகியிருந்தன.

"இன்னும் 5,000 கூட ஓடல்லையே?" என்றேன்.

"மீற்றர்தான் ஓடல்ல காக்கா. எஞ்சின் ஓடித்தானே இருந்திருக்கு" என்றார் அவர்.

ஓடாத கிலோமீற்றர்

அன்றிரவு நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். எமது ஓட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மாதம் 24 நாள் என்று வைத்தால் 1,440 கிலோமீற்றர். அப்படியென்றால் 5,000 கிலோமீற்றர் வர மூன்றரை மாதம் ஆகும். இது மீற்றர் காட்டும் கணக்கு.

இனி மீற்றர் காட்டாத கணக்கைப் பாருங்கள். துறையிலும் கடை வாசல்களிலுமாக நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் எஞ்சின் சும்மா ஓடியது. பொலிஸ் வாகனங்களைப் போல் நின்ற இடத்தில் நெடுநேரம் எஞ்சின் ஓடும் வாகனங்களுக்கு அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனி ஓர் அளவு கொடுத்திருக்கிறது. சும்மா ஓடும் ஒரு மணித்தியாலம், சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமம். அதாவது 53 கிலோமீற்றர். எமது பட்டாவுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் ஒரு மட்டுக்கட்டுக்கு உதவும். மாதம் 24 மணித்தியாலம் என்றால் 1,272 கிலோமீற்றர். மூன்றரை மாதத்தில் ஏறக்குறைய 4,400. ஸ்டிக்கரில் 5,000 வரும்போது எமது ஒயில் 9,400 கிலோமீற்றருக்கான வேலையைச் செய்து முடித்திருக்கும்!

சும்மா ஓடுவது எஞ்சினுக்கு ஓய்வு என்று நாம் நினைக்கின்றோம். உண்மை அதுவல்ல. சுமையில்லாமல் மெதுவாக ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூட்டை அடைவதில்லை. டீசல் முழுதாக எரியாமல், பிஸ்டனின் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிந்து ஒயிலில் கலக்கிறது. கரியும் சேர்கிறது. ஒயில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால் அழுத்தம் குறைகிறது. ஒயில் வழுக்குவதற்கு மட்டும் ஊற்றப்படுவதல்ல. சூட்டை இறக்குவது, கரியைக் கழுவி ஏந்திக்கொள்வது, அமிலத்தை முறிப்பது, துருவைத் தடுப்பது எல்லாம் அதன் வேலைதான். இந்த வேலைகளுக்கென்று ஒயிலில் சேர்த்திருக்கும் மருந்துகள் தீர்ந்துவிட்டால், சம்ப் நிறைய ஒயில் இருந்தும் பயனில்லை.

இன்னுமொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். ஒயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பார்கள். டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாட்களிலேயே கறுக்கும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். அஞ்ச வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு: மாறிய சத்தம், எரியும் சிவப்பு லைட், கம்பியில் பால் போல் வெளுத்த ஒயில், டீசல் மணம். லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். என் சாரதி சொன்னது இதைத்தான். கேட்காதவன் நான்.

புத்தகத்தின் இரண்டாவது நிரல்

வாகனத்தோடு வரும் கைநூலை எம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கின்றோம்? பெரும்பாலான கைநூல்களில் ஒயில் மாற்றும் காலம் இரு விதமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. மற்றது கடின ஓட்டத்துக்கு. கடின ஓட்டம் என்றால் மலையேறுவது என்று நினைக்க வேண்டாம். தூசு, பாரம், குறுகிய தூர ஓட்டம், அடிக்கடி நிற்பாட்டி எடுப்பது, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது ஆகியவையே அது. அந்த ஓட்டத்துக்குக் கொடுக்கப்படும் தூரம் பெரும்பாலும் மற்றதன் அரைவாசிதான்.

கல்முனையிலிருந்து காத்தான்குடி வரை வாகனம் வைத்து விநியோகம் செய்யும் எம்மவர்களில், சாதாரண ஓட்டம் ஓடுபவர் எவராவது உண்டா? கடைக்குக் கடை நின்று போகும் பட்டா, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோ, வயல் தூசில் நெல் ஏற்றும் கன்டர், இவையெல்லாம் இரண்டாவது நிரலுக்குரியவை. நாமோ முதலாவது நிரலைப் பார்த்துவிட்டு, அதிலும் இன்னும் ஆயிரம் கூட்டி ஓட முடியுமா என்று யோசிக்கின்றோம்.

உழவு இயந்திரம் வாடகைக்கு விடுபவர்களின் நிலைமை இன்னும் மோசம். இரு சக்கர லேண்ட்மாஸ்டருக்குக் கிலோமீற்றர் மீற்றரே கிடையாது. அதற்கு மணித்தியாலக் கணக்குத்தான். அந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 100 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் உழுதால் 12, 13 நாளில் அது வந்துவிடும். ஆக, விதைப்புக்கு முன் ஒரு மாதம் விடாமல் உழும் இயந்திரத்துக்கு இரு தடவை ஒயில் மாற்ற வேண்டும். எம்மில் பலர் போகத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட்டு, "இந்தக் காலத்து எஞ்சின் உழைப்பதில்லை" என்று குறை சொல்கின்றனர்.

வெள்ளத்தையும் மறந்துவிடக் கூடாது. மாரியில் கிட்டங்கி வீதியில் நீர் குறுக்கே பாயும் நாட்களில் வாகனத்தை இறக்கி ஓட்டுகின்றோம். மறுநாள் காலையில், ஸ்டார்ட் எடுக்கும் முன்பாக, ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஒயிலை வடித்துப் புதியது ஊற்றி, நீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம். கியர் பெட்டி, பின் அக்சில் ஒயில்களையும் பார்ப்பது நல்லது.

கானில் எழுதியிருப்பது என்ன?

இனி நண்பர்களின் முதலாவது கேள்விக்கு வருவோம். எந்த ஒயில்? கம்பனியின் பெயரைவிடக் கானில் எழுதியிருக்கும் மூன்று விடயங்கள் முக்கியம்.

முதலாவது தடிப்பு. 15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50, 0 டபிள்யூ 20 என்று இருக்கும். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், அடுத்த எண் எஞ்சின் சூடான பின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. "நம்ம ஊர் சூட்டுக்குத் தடிப்பான ஒயில்தான் சரி" என்று சொல்வது பழைய பழக்கம். ஜப்பானிலிருந்து வந்த அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு 0 டபிள்யூ 20 என்றால் அதைத்தான் ஊற்ற வேண்டும். அந்த எஞ்சினின் நுண்ணிய இடைவெளிகள் மெல்லிய ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை. பழைய டீசல் லொறிக்கு 15 டபிள்யூ 40 என்றால், விலை கூடிய மெல்லிய ஒயில் வாங்கி ஊற்றுவதால் இலாபமில்லை.

இரண்டாவது தரம். ஏ.பி.ஐ. என்ற எழுத்துக்களின் கீழ் எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு. சீ என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. பெற்றோலில் எஸ்.என். 2010 இலும் எஸ்.பீ. 2020 இலும் வந்தன. டீசலில் சீ.எச்.4 1998 இலும் சீ.ஐ.4 2002 இலும் வந்தன. கைநூல் கேட்கும் தரத்தை அல்லது அதைவிடப் புதியதை வாங்குங்கள். பழைய எஸ்.எப். தர ஒயில் மலிவாகக் கிடைக்கிறது என்று இன்றைய எஞ்சினுக்கு ஊற்ற வேண்டாம்.

மூன்றாவது மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் கியரும் அதே எஞ்சின் ஒயிலில்தான் நனைந்திருக்கும். ஆகவே கானில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும். காருக்கு வாங்கியதில் மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினால், கிளச் வழுக்கத் தொடங்கிவிடும். ஐம்பது ரூபாய் மிச்சம் பார்த்து கிளச் தட்டுக்குச் செலவழித்தவர்களை நான் அறிவேன்.

விலை கூடிய சிந்தெற்றிக் ஒயில் பற்றியும் கேட்கின்றனர். அது சூட்டைக் கூடத் தாங்கும், மெதுவாகவே கெடும். ஆனால் உள்ளே சேரும் தூசையும் டீசலையும் அதனால் இல்லாமலாக்க முடியாது. எமது கடின ஓட்டத்துக்கு, கைநூல் சொல்லும் சாதாரண ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது, விலை கூடிய ஒயிலைக் காலம் கடந்து ஓட்டுவதைவிட மேல். ஒயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றுங்கள். அறுவடைக் காலத்தில் காற்று பில்டரைக் கிழமைக்கொரு தடவை பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒயில் விற்க வேண்டும் என்பதற்காக எல்லா வாகனத்துக்கும் 2,000, 2,500 என்று ஸ்டிக்கர் ஒட்டும் இடங்களும் இருக்கின்றன. நீண்ட தூரம் ஒரே சீராக ஓடும் வாகனத்துக்கு அது வீண் செலவு. ஸ்டிக்கர் சேர்விஸ் நிலையத்தாருடைய கணக்கு. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல்

2022 நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டோம். டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து சில மாதங்களில் 360 ஐ எட்டியது. டீசல் வரிசை ஒரு பக்கம், கியூ.ஆர். குறியீடு மறு பக்கம். ஒயில் விலையும் எகிறியது. பலர் மாற்றும் காலத்தை இரட்டிப்பாக்கினர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் கையிலிருக்கும் பழைய எஞ்சின்தான் எமது முதல். அதை நாமே தேய்த்துக்கொண்டோம்.

விலை ஏறும் காலத்தில் போலியும் பெருகும். பெயர்பெற்ற கம்பனிகளின் வெற்றுக் கான்களை விலை கொடுத்து வாங்குவோர் இருக்கின்றனர். எதற்காக என்று சொல்லத் தேவையில்லை. பாவித்த ஒயிலை வடித்துத் தெளியவைத்தால் நிறம் வந்துவிடும். தீர்ந்துபோன மருந்துகள் திரும்பி வராது. ஆகவே வெற்றுக் கானைக் கொடுக்கும் முன் அதில் துளையிடுங்கள். மூடியின் முத்திரை உடையாததை மட்டும் வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள்.

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எமது சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். படுவான்கரையிலிருந்து வரும் விவசாயிக்குக் கானிலுள்ள எழுத்துக்கள் விளங்காமல் இருக்கலாம். "முதலாளி, நல்லதாப் பார்த்துத் தாங்க" என்று அவர் சொல்லும்போது, தெரிவை உங்கள் கையில் அமானிதமாகத் தருகிறார். கூடிய இலாபம் தருவதை அல்ல, அவரது எஞ்சினுக்குரியதைக் கொடுங்கள். அவர் அடுத்த போகமும் உங்களிடமே வருவார்.

வடித்த ஒயிலை என்ன செய்வது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். ஒரு கலன் பழைய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. நாமோ வாய்க்காலில் ஊற்றுகின்றோம். வாய்க்கால் வாவிக்குப் போகிறது. அந்த வாவியின் இறாலையும் மீனையும்தான் நாம் சந்தையில் வாங்குகின்றோம். ஒரு கானில் அடைத்து வைத்து, பழைய ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்துக்குக் கொடுத்துவிடுவது பெரிய வேலையல்ல.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்

அந்த எஞ்சின் வேலைக்கு நான் கொடுத்த பணத்துக்கு இருபது தடவைக்கு மேல் ஒயில் மாற்றியிருக்கலாம். லொறி கராஜில் கிடந்த ஆறு கிழமையில் வேறொருவர் என் கடைகளில் பதினொன்றைப் பிடித்துக்கொண்டார். அறுவடைக் காசில் வர வேண்டிய பழைய கடன்களில் பாதி, அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போனது. லீசிங் மட்டும் தள்ளிப்போகவில்லை.

இப்போது என் கணக்குப் புத்தகத்தில் வாகனத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், நின்று ஓடிய மணித்தியாலம் எல்லாம் அதில் எழுதப்படும். இந்த மூன்றில் எதுவாவது எல்லையைத் தொட்டால் மாற்றிவிடுவோம். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் விடுவதில்லை. காலையில் சமதரையில் நிறுத்தி, ஸ்டார்ட் எடுக்கும் முன் கம்பி பார்ப்பது சாரதியின் வேலை. சாரதி சொல்வதைக் கேட்பது முதலாளியின் வேலை. வாகனத்தின் மொழி, அதில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கே முதலில் விளங்குகிறது.

மெக்கானிக் சொன்னதைக் கேட்ட மறுநாள் நான் பாதையில் ஏறி அக்கரை போனேன். அந்தச் சாரதியின் வீடு தேடிச் சென்று, பிழை என்னுடையது என்று அவரது தகப்பனாரின் முன்னிலையில் சொன்னேன். கடைத்தெருவில் ஏசியதை வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டு முடிப்பது நியாயமில்லை என்று பட்டதால், அன்று நின்ற அதே கடை வாசலிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

எஞ்சின் வேலை முடிந்ததும் அவர் வந்து சேர்ந்தார். சம்பளம் கூட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றைத்தான்:

"முதலாளி, முதல்ல புதுப் பெற்றரி ஒண்டு வாங்கித் தாங்க. பாதையடியில எஞ்சினை நிப்பாட்டி வைப்பம்."